கிழக்கே பார்த்த கூத்தாடி

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இரவெல்லாம் ஆடிக் களைத்தவன், எப்போது விடியும் என்று கிழக்கை நோக்குகிறான். பகலெல்லாம் மண்ணைக் கொத்தியவன், எப்போது பொழுது சாயும் என்று மேற்கை நோக்குகிறான். திசைதான் வேறு, பார்வை ஒன்று. இருவரும் உழைப்பாளிகள். இருவரும் அடுத்தவர் கொடுக்கும் கூலியை நம்பி வாழ்கிறவர்கள். இந்தப் பழமொழியைச் சொல்லி வைத்தவன் ஏடு படித்தவனாக இருந்திருக்க வேண்டியதில்லை. உடல் நோக உழைத்துப் பார்த்தவனாக இருந்திருப்பான்.

திருப்பூர்க்காரருக்கு இதற்குப் பொழிப்புரை தேவையில்லை. நைட் ஷிப்டில் பனியன் துணி பின்னும் இயந்திரத்தின் முன்னே நிற்கிற தொழிலாளியும் கிழக்கைப் பார்க்கிறவன்தான். விடிந்தால்தான் அவனுக்கும் விடுதலை.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. கூலிக்காரன் என்ற சொல், காலப்போக்கில் தொழிலாளி என்று மதிப்புப் பெற்றது; பாட்டாளி என்று பெருமை பெற்றது. அவனுக்குச் சங்கம் வந்தது, சட்டம் வந்தது, போனசு வந்தது. எல்லாம் போதிய அளவு வந்துவிட்டதா என்பது வேறு வழக்கு. வந்தது என்பது மெய். கூத்தாடி என்ற சொல் என்ன ஆயிற்று? இன்றைக்கும் அது வசைச் சொல்லாகவே நிற்கிறது. ஒருவனை இழிவுபடுத்த வேண்டுமா? "அவன் கூத்தாடி" என்றால் போதும்! விடிய விடியக் கண் கொட்டாமல் அவன் ஆட்டத்தைக் கண்டவர்கள், விடிந்ததும் அவனுக்கு வைத்த பெயர் இது.

அந்தப் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன ஒருவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துப் பார்ப்போம். அவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள்.

உப்புக் கணக்கர்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் தாமோதரனார் தமிழறிந்தவர். பிள்ளைக்கு முதல் ஆசிரியர் அவரே. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியம் பயின்றார். அங்கே அவரோடு உடன் பயின்றவர் யார் தெரியுமா? இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிற உடுமலைப்பேட்டையின் சரபம் முத்துசாமிக் கவிராயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை. அந்தக் காலத்தில் அது சாதாரண வேலை அன்று. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஊரில் மதிப்பு உண்டு. உப்புக்கு வரி போட்டுக் கொழுத்த வெள்ளையர் ஆட்சியில் உப்புக் கணக்கு எழுதுகிறவனுக்கு உலை கொதிக்காமல் போகுமா? அந்த வேலையை விட்டுவிட்டு 1891ஆம் ஆண்டு, தம் 24ஆம் வயதில், நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் அவர். சம்பளத்தை விட்டார், ஊரை விட்டார், "கூத்தாடி" என்ற பட்டத்தை ஏற்றார்.

ரயிலும் மாட்டு வண்டியும்

அவர் நடித்த காலம் பெரும்பாலும் விக்டோரியா அரசியின் ஆட்சியினுடைய கடைசிப் பத்தாண்டு. தெருக்கூத்து நெடுங்காலமாக இருந்தது. அதற்கு ஊர்தான் எல்லை. ஊர்த் திருவிழாதான் காலம். கம்பெனி நாடகம் புதுச் சரக்கு. எழுதிய திரைகள், பெட்டி பெட்டியாக உடுப்புகள், ஆர்மோனியம், மிருதங்கம், முப்பது நாற்பது ஆட்கள். இத்தனையும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டும். அதற்கு வழி செய்தது ரயில்.

1860களின் தொடக்கத்திலேயே சென்னை ரயில்வே சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாகப் போத்தனூரை எட்டிவிட்டது. 1876இல் தெற்கு ரயில் தூத்துக்குடிக் கடற்கரையைத் தொட்டது. வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டது பஞ்சு மூட்டையை ஏற்றிக்கொண்டு போக; அதே வண்டியில் ராஜபார்ட்டின் கிரீடமும் ஏறிக்கொண்டது! ரயில் நிற்கும் ஊர்களில் கொட்டகை எழும்பியது. அப்பால் உள்ள ஊர்களுக்கு மாட்டு வண்டி. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகள் காட்டிய திரையும் மெட்டும் தமிழ்க் கம்பெனிக்கும் வந்து சேர்ந்தன.

அன்று மின்விளக்கு இல்லை. ஒலிபெருக்கி இல்லை. பல நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் விழ வேண்டும் என்றால், நடிகனுடைய தொண்டைதான் கருவி. குரல் கட்டினால் அன்றைக்குக் கூலி இல்லை. குரல் போனால் வாழ்வே இல்லை. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று நடிகர்களுக்குள்ளே பிரிவு. யாரானாலும் இரவு பத்து மணிக்கு முகத்தில் அரிதாரம் ஏறினால் விடியும்போதுதான் இறங்கும். கிழக்கே பார்ப்பான் என்று பழமொழி சொன்னது வெறும் அழகுக்கா?

எமனாக வந்தவர்

சங்கரதாஸ் ஏற்றவை கொடுமைக்குப் பேர்போன வேடங்கள். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன். ஆஜானுபாகுவான உருவம், கணீரென்ற குரல். அவருடைய எமனைப் பற்றியும் சனீசுவரனைப் பற்றியும் நாடக உலகில் வழிவழியாக இரண்டு கதைகள் சொல்வார்கள். சாவித்திரி நாடகத்தில் கையில் கயிற்றோடு அவர் முழங்கிக்கொண்டு வந்ததைக் கண்டு, கூட்டத்தில் இருந்த ஒரு கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைந்துவிட்டது என்பது ஒன்று. நளதமயந்தியில் சனீசுவரனாக ஆடி முடித்து, வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, துணி வெளுக்க வந்த பெண் ஒருத்தி அந்தக் கோலத்தைப் பார்த்து அச்சத்தால் உயிரை விட்டாள் என்பது மற்றொன்று.

கதையில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு சேர்த்தது என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். இத்தகைய நிகழ்ச்சிகளால் மனம் நொந்து, வேடம் கட்டுவதையே அவர் விட்டார் என்பது நாடகத்தார் கூறும் வரலாறு. கைதட்டலுக்காக நடிப்பவன், "பார்த்தீர்களா என் நடிப்பின் வலிமையை!" என்று மார்தட்டியிருப்பான். இவர் வருந்தினார். தம் தொழில் மற்றவர் உயிரைத் தொடும் வல்லமை உடையது என்று கண்டவர், அந்த வல்லமையை எழுத்துக்கும் பயிற்சிக்கும் திருப்பினார். இடையில் துறவு மனம் கொண்டு தலங்கள்தோறும் சுற்றினார். "சுவாமிகள்" என்ற பெயர் அப்படி வந்தது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகன்போல் ஏற்று, மீண்டும் நாடகத்தின் பக்கம் திருப்பினார். அதன் பிறகு அவர் பல கம்பெனிகளின் ஆசிரியர்.

அவருக்கு முன்பு நடிகர்கள் தங்களுக்குத் தோன்றியதைப் பேசுவதும், தெரிந்த பாட்டைப் பாடுவதும் வழக்கம். ஒருநாள் பேசியது மறுநாள் இராது. சுவாமிகள் நாடகத்துக்கு நிலையான எழுத்தைக் கொடுத்தார். உரையாடலும் பாட்டும் முறையாக எழுதினார். வெண்பாவும் விருத்தமும் கலித்துறையும் சிந்தும் கும்மியும் மேடைக்கு வந்தன. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி, நல்லதங்காள் என்று நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்கள். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியத்தும் அவர் கையில் தமிழாயிற்று.

ஒரே ஆண்டு, இரண்டு மேடை

சுவாமிகள் கம்பெனியில் சேர்ந்த அதே 1891ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் முதல் நாள், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதில் நடித்தவர்கள் வழக்கறிஞர்கள், அலுவலர்கள், படித்த செல்வர்கள். பகலில் கோர்ட்டு, மாலையில் ஒத்திகை. பம்மலார் பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்தார். 1959இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். ஆறு ஆண்டு கழித்து, 1897இல், பரிதிமாற் கலைஞர் என்னும் சூரியநாராயண சாஸ்திரியார் "நாடகவியல்" என்று நாடகத்துக்கு இலக்கணமே எழுதினார்.

இம்மூவரும் தமிழ் நாடகத்துக்குத் தூண்கள். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்துவது நம் நோக்கம் அன்று. பெரிய மனிதர்களும் மேடையேறலாம் என்று காட்டிய பம்மலாரின் துணிவு சாதாரணமானதா? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் நடித்தால் அது கலை, அவர் கலாபிமானி. வயிற்றுக்காக ஒருவன் நடித்தால் அது கூத்து, அவன் கூத்தாடி. வேடம் ஒன்று, வசனம் ஒன்று, அரிதாரமும் ஒன்று! வேற்றுமை எங்கே? ஒருவருக்கு நாடகம் முடிந்ததும் வீடு உண்டு. இன்னொருவருக்கு அடுத்த ஊர்தான் உண்டு. கூலி வாங்குகிறவனை இழித்துப் பேசுகிற பழைய புத்திதான் இங்கும் வேலை செய்தது.

பிள்ளைகளின் கம்பெனி

வயது வந்த நடிகர்களோடு மல்லுக்கட்டிச் சலித்தார் சுவாமிகள். எழுதியதைப் பேசமாட்டார்கள், நேரத்துக்கு வரமாட்டார்கள். ஆகவே சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவாயிற்று. அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஆறு வயதுச் சண்முகம். பிற்காலத்தில் அவ்வையார் வேடத்தால் அவ்வை சண்முகம் என்று நாடு போற்றிய டி. கே. சண்முகம்தான் அவர். அந்தச் சிறுவனுக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுதி முடித்தார் சுவாமிகள்.

பாய்ஸ் கம்பெனிகள் தமிழ்நாட்டின் நடிப்புப் பள்ளிகள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் என்.எஸ். கிருஷ்ணனும் அந்தப் பள்ளியில் தேறியவர்கள். ஆனால் பெருமையை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது நேர்மை ஆகாது. ஏழைப் பெற்றோர் பிள்ளையைக் கம்பெனியில் விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் ஒரு வாய் குறைந்தது என்பதே அவர்களுக்கு ஆறுதல். பிள்ளை அடிபட்டும் மிதிபட்டும் பாடம் கற்றான். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். அதுவரை கம்பெனியின் செல்லப்பிள்ளை, அதன் பிறகு? தேறியவன் பெயரை நாடு அறியும். குரலுடைந்து வெளியேறியவன் பெயரை யார் அறிவார்? பின்னாளில் சிறுவர் உழைப்பைப் பற்றித் திருப்பூரில் பேச்செழுந்தபோது நாம் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்தக் கொட்டகைக்குள்ளும் இருந்தவையே.

"புராணந்தானே?" என்பார்க்கு

"எல்லாம் புராணக் கதைதானே! இதில் என்ன பெருமை?" என்று கேட்பாரும் உண்டு. நியாயமான கேள்வி. கதை பழையது, அதில் மறுக்க வேண்டியவை பல. ஆனால் கதையை ஒரு புறம் வைத்துவிட்டு மொழியைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலராக இருந்த நாடு இது. சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892இல் அச்சிட்டார். அந்த நூல் புலவர் கைக்குப் போயிற்று. எழுத்தறியாத உழவன் காதுக்குக் கோவலனையும் கண்ணகியையும் கொண்டுபோனது யார்? ஊர் ஊராய் அலைந்த கூத்தாடி அல்லவா! கையெழுத்துப் போடத் தெரியாதவன் விருத்தம் பாடினான். வெண்பாவைக் கேட்டுத் தலையசைத்தான். தெலுங்குக் கீர்த்தனையும் பார்சி மெட்டும் கோலோச்சிய மேடையில், தமிழன் தன் மொழியில் அழவும் சிரிக்கவும் வழக்காடவும் கற்றது அங்கேதான்.

அந்த மேடையைத்தான் பின்னால் வந்தவர்கள் தங்கள் கொள்கைக்குப் பயன்படுத்தினார்கள். வேடம் முருகன், பாட்டு விடுதலை, அதற்காகப் பலமுறை சிறை சென்றவர் விசுவநாததாஸ். பிறகு பகுத்தறிவுக் கருத்தும் அதே மேடையில் ஏறியது. கொள்கைகள் மாறின. கேட்டுப் பழகிய காதும், பேசிப் பழகிய நாவும் ஏற்கனவே ஆயத்தமாக இருந்தன. ஆயத்தம் செய்தவர்கள் அந்த அலைகுடிகள்.

உடுமலையின் பங்கு

இப்போது அந்த முத்துசாமிக் கவிராயருக்கு வருவோம். சுவாமிகளோடு பழனியில் பயின்ற அவர், உடுமலை வட்டாரத்தில் நாடகத் தமிழை வளர்த்தார். பூளவாடியில் 1899இல் பிறந்த ஏழைச் சிறுவன் நாராயணன் அவரிடம் வந்து சேர்ந்தான், நாடகத்தில் நடித்தான், பாட்டெழுதப் பழகினான். அவர்தான் உடுமலை நாராயண கவி. என்.எஸ். கிருஷ்ணனுக்கு நகைச்சுவையும் சிந்தனையும் கலந்த பாடல்களைக் கொடுத்தவர். நல்லதம்பி, வேலைக்காரி, பராசக்தி ஆகிய படங்களுக்குப் பாட்டெழுதியவர். 1981இல் மறைந்தார். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் இந்த மண்ணுக்கு அயலார் அல்லர். அவருடைய வள்ளியும் கிட்டப்பாவின் வேலனும் சுவாமிகளுடைய எழுத்தில்தான் உயிர் பெற்றனர். கொங்கு நாட்டுக்கும் அந்தக் கூத்தாடிகளுக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருக்கமானது.

முடிவுகளைப் பாருங்கள்

ஆட்சியாளர்கள் அந்த மேடைக்கு அஞ்சினார்கள். வங்காளத்தில் வெள்ளையரை எள்ளிய நாடகங்களைக் கண்டு 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் புத்தி மாறவில்லை. எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து, 1954இல் சென்னை மாநிலத்திலும் ஒரு சட்டம் வந்தது. அதைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல 2013 ஆயிற்று. 1876ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டதோ 2018இல்! நடிகனை அடக்கச் சட்டம் செய்ய அரசுகளுக்குக் காலம் இருந்தது. அவன் முதுமையைக் காக்க?

விக்டோரியா காலத்தின் இறுதியில் புகழ் பெற்ற கும்பகோணம் பாலாமணி, பெண்களையே கொண்டு கம்பெனி நடத்தியவர். அவருடைய நாடகம் காணத் தனி ரயில் விட்டார்கள் என்பார்கள். செல்வத்தில் மிதந்தவர், வறுமையில் மறைந்தார். கிட்டப்பா 1933இல், 27 வயதில் மறைந்தார். விசுவநாததாஸ் 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் நீத்தார். சங்கரதாஸ் சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். பல்லாயிரம் பேருக்குப் பேச்சுக் கொடுத்தவருக்குப் பேச்சில்லை! 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். சொந்தக் குடும்பம் இல்லை, சொந்த வீடு இல்லை. பிறந்த ஊரிலிருந்து வெகு தொலைவில், கருவடிக்குப்பத்தில் அடங்கினார். அலைந்த கால்களுக்கு மண் கிடைத்ததும் வெளியூரில்தான்.

சிலை போதுமா?

மதுரையில் அவருக்குச் சிலை உண்டு. சென்னையில் அவர் பெயரால் மன்றம் உண்டு. 2019இல் நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணியே அவர் பெயரைச் சூடிக்கொண்டது. நல்லது, பெருமைதான். ஆனால் அவருடைய நேர் வாரிசுகள் எங்கே இருக்கிறார்கள்? மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் இன்றும் வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் விடிய விடிய நடக்கின்றன. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. இரவில் மேடையிலே சந்திக்கிறார்கள்; பொழுது விடியும்வரை பிழையின்றி நடிக்கிறார்கள். எப்படி முடிகிறது? சுவாமிகள் எழுதிய எழுத்து எல்லாருக்கும் பொது. நூறாண்டுக்கு முன் ஓர் அலைகுடி போட்ட அடித்தளத்தின் உறுதி அது!

அவர்களுக்கு வேலை பெரும்பாலும் திருவிழாக் காலத்தில். மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரையில் ஊர்த்திருவிழா. மற்ற மாதங்களில் என்ன செய்வது? கிடைத்த வேலை, கிடைக்காவிட்டால் கடன். 2020இலும் 2021இலும் கொரோனா ஊரடங்கால் திருவிழாக்கள் நின்றன. இரண்டு சித்திரை போயிற்று. நடிகனுக்கு இரண்டு ஆண்டுச் சோறு போயிற்று. பனியன் கம்பெனி மூடினால் அது செய்தி. மேடை மூடினால் அது செய்தியா?

2007இல் தமிழ்நாடு அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தது. பாராட்டுகிறோம். ஆனால் வாரியத்தில் பெயர் பதியாதவன் பசி, பதிவேட்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாடக நடிகரும் அதில் பதிவு பெற வேண்டும். வேலையில்லாத மாதங்களுக்கு உதவி வேண்டும். குரல் ஓய்ந்தவருக்கு ஓய்வூதியம் வேண்டும். இவை பிச்சை அல்ல, கூலி பாக்கி.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை தீருமா? திருப்பூரிலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் காங்கயத்திலும் திருவிழாக் குழுக்கள் உண்டு. ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் தாராளமாகச் செலவழிக்கிறோம். ஓர் இரவை நாடகத்துக்கு ஒதுக்குவோம். தரகர் கையில் கொடுக்காமல் நடிகர் கையில் பணத்தைக் கொடுப்போம். பேசிய தொகையை, பேசிய நாளில், குறைக்காமல் கொடுப்போம். சங்கத்தின் அருமை அறிந்த ஊர் இது. கூலியைக் குறைத்தால் எப்படி வலிக்கும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பழமொழி இருவரையும் ஒரே வரியில் நிறுத்தியது. கூலிக்காரன் தன் உரிமையைக் கேட்டு எழுந்தான், ஓரளவு பெற்றான். கூத்தாடி இன்னும் கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கும் விடிய வேண்டும். அந்த விடியலைக் கேட்டு முதற்குரல் கொடுக்க வேண்டியவர், அவனோடு அதே வரியில் நின்ற தொழிலாளிதான்.